தரைத்தளமும் தெருத்தளமும்

கட்டிட விதித் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு வாய்த்தது. அத்தொகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் வந்த சொற்களுள் ஒன்று தரைத்தளம் என்பது. ஐயத்துக்கு இடமில்லாத எளிய சொல் என்று கருதி, மறுமுறை யோசியாமலே எழுதிச் சென்றேன். தரையை ஒட்டியது தரைத்தளம். அதற்கு மேலுள்ளது முதல் தளம். சமவெளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன குழப்பம் நேரக்கூடும்?

குழப்பம் மூணாற்றில் நேர்ந்தது. உறவினர் ஒருவரைக் காண அங்குச் சென்றிருந்தபோது, சாலையோரத்துச் சிற்றுண்டிக் கடையொன்றில் கைகழுவ இடம் கேட்டேன். கடைக்காரர் ஒரு படிக்கட்டைக் காட்டிக் கீழே இறங்கச் சொன்னார். இறங்கினால் அங்கே மூட்டைகள் அடுக்கிய ஓர் அறையும் ஒரு குழாயும் இருந்தன. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எனக்குக் கீழே இன்னும் ஒரு தளத்தில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. அதற்கும் கீழே ஆறு ஓடிற்று. சாலையில் நின்று நோக்கினால் அக்கட்டிடம் இரண்டு அடுக்கு. ஆற்றங்கரையில் நின்று நோக்கினால் நான்கு அடுக்கு. இவற்றுள் எது தரைத்தளம்? நான் தேநீர் அருந்திய தளமா, துணி உலர்ந்த தளமா? நான் மொழிபெயர்த்த விதிகள் எதைக் குறித்தன என்பதை அன்றைக்கு என்னால் சொல்ல இயலவில்லை.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. கட்டிடம் தெருவைச் சந்திக்கும் தளம் ஒன்று உண்டு. மக்கள் நுழைவதும், வாங்குவதும், மழைக்கு ஒதுங்குவதும், ஒருவரையொருவர் கண்டு நலம் வினவுவதும் அங்கேதான். அதைத் தெருத்தளம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். சமவெளியில் தரைத்தளமும் தெருத்தளமும் ஒன்றே. மலைநகரத்தில் அவை வேறு வேறு. நம் நகரமைப்பு விதிகளில் தரைத்தளத்துக்குப் பல ஏற்பாடுகள் உள்ளன. தெருத்தளத்துக்குப் பெயரும் இல்லை. இக்குறை சிறிதன்று என்பதே என் அபிப்பிராயம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் மூணாறு எனப் பெயர் பெற்ற இந்நகர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. 1877-ஆம் ஆண்டு பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றதும், பின்னர் தேயிலைத் தோட்டங்கள் பரவியதும், அத்தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலையேறி வந்ததும் பலர் அறிந்த வரலாறு. நகரம் தோட்டத்துக்காகத் தோன்றிற்று. தோட்டத்திலே லயங்கள், நகரத்திலே கடைகள். ஓய்வு நாளில் லயத்திலிருந்து இறங்கி வருவோர்க்கு மூணாற்றுக் கடைவீதி சந்தையாகவும் மன்றமாகவும் ஒருங்கே விளங்கிற்று.

அவ்வீதி ஒருமுறை முற்றாக அழிந்ததும் உண்டு. 1924 ஜூலைப் பெருவெள்ளம் பழைய நகரைச் சிதைத்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையும் அடித்துச் சென்றது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் சிறு ரயிலாக வளர்ந்த அப்பாதை மீண்டும் அமைக்கப்படவே இல்லை. போக்குவரத்து முழுவதும் சாலைக்கு மாறிற்று. இன்று கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டிக்குச் செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே இவ்வூரின் பிரதான வீதி. நெடுந்தூரம் செல்லும் லாரியும், உல்லாசப் பிரயாணியின் காரும், கூடை சுமந்த மூதாட்டியும் ஒரே அகலத்துள் நெருக்கியடித்துச் செல்லவேண்டிய நிலைமை இவ்வாறு உண்டாயிற்று.

இனி விதிகளைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டிட விதிகள் கட்டிடங்களைக் குடியிருப்பு, தங்குவிடுதி, கல்வி, மருத்துவம், கூட்டம் கூடுமிடம், அலுவலகம், வணிகம், தொழில், சேமிப்பு, அபாயகரமான பொருள் எனப் பயன்பாட்டை ஒட்டி வகைப்படுத்துகின்றன. ஒவ்வொரு வகைக்கும் எத்தனை வண்டிகள் நிறுத்த இடம் விடவேண்டும், எவ்வளவு தளப்பரப்பு எழுப்பலாம், நான்கு பக்கமும் எவ்வளவு வெளி விடவேண்டும் என்று கணக்குகள் உண்டு. பிரதான சாலைகளின் எல்லையிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டிடம் கூடாது என்பது பஞ்சாயத்துச் சட்டத்தின் ஏற்பாடு. இவை யாவும் தேவையானவையே. குறைகூற நான் முற்படவில்லை. ஆனால் இக்கணக்குகளின் கூட்டு விளைவு என்ன? தங்குவிடுதி கட்டுவோர்க்கு வண்டி நிறுத்துமிடம் கட்டாயம். அதை அமைக்க மிகவும் எளிய இடம் சாலையை ஒட்டிய தளமே. ஆகவே கட்டிடத்தைத் தூண்கள்மேல் ஏற்றிவிட்டுத் தெருத்தளத்தைக் கார்களுக்கு விட்டுவிடுகின்றனர். விதி அதைத் தடுக்கவில்லை. விதியைப் பிழையின்றிப் பின்பற்றியே ஒரு வீதியை உயிரற்றதாக்க முடியும்.

கடைகள் வரிசையாக உள்ள பகுதியில் நடந்து, பிறகு புதிய விடுதிகள் வரிசையாக உள்ள பகுதியில் நடந்து பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு உடனே தெரியும். முன்னதில் விளக்கும் பேச்சும் உண்டு; ஏலக்காய் மணமும் உண்டு. பின்னதில் இருண்ட தூண்களும், காவலாளி ஒருவரும், சாலைக்கு ஏறி இறங்கும் சரிவுப் பாதையும் மட்டுமே. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க ஒரு தாழ்வாரம் இல்லை. மூணாற்றில் மழை பிடித்துக்கொள்ளாத நாள் தென்மேற்குப் பருவத்தில் ஏது?

இதற்கு ஒரு பொறியியல் பக்கமும் உண்டு. பலரும் கவனியாதது அதுவே. முப்பது பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தில் சாலை மட்டத்துக்குச் சமமாக ஓர் இடத்தை வெட்டிச் சமன் செய்வதாகக் கொள்வோம். ஒரு சிறு கடைக்கு நாலரை மீட்டர் ஆழம் போதும். அவ்வளவு உள்நோக்கி வெட்டினால் பின்புறம் எஞ்சும் மண்சுவரின் உயரம் சுமார் 2.6 மீட்டர். காரோ ஐந்து மீட்டர் நீளமுள்ளது. அது திரும்பி நுழைய இன்னும் ஆறு மீட்டர் வேண்டும். ஆக, பதினொரு மீட்டர் உள்நோக்கி வெட்டவேண்டும். அப்போது பின்சுவரின் உயரம் 6.3 மீட்டருக்கு மேல். சாலையோரத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அப்புறப்படுத்த வேண்டிய மண், முன்னதற்கு ஏறத்தாழ 6 கனமீட்டர். பின்னதற்கு ஏறத்தாழ 35 கனமீட்டர். ஆழம் இரண்டரை மடங்கு பெருகினால் மண் ஆறு மடங்கு பெருகுகிறது. பெரிய பெரிய ஓட்டல்களை மட்டுமே மலைச்சரிவுக்குப் பகையாகக் காண்கிறோம். அவற்றின் கீழே உறங்கும் கார்களும் மலையை வெட்டியே இடம் பெற்றன என்பதை மறக்கிறோம். 2018 ஆகஸ்டு மழையில் மூணாறு வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்ததையும், 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்து எழுபது உயிர்கள் மாண்டதையும் கண்ட பின்னர், வெட்டப்படும் ஒவ்வொரு கனமீட்டருக்கும் நாம் கணக்குச் சொல்லவேண்டியவர்கள் ஆகிறோம். பெட்டிமுடிச் சரிவு கார் நிறுத்துமிடத்தால் நேர்ந்ததன்று. அவ்வாறு யாரும் பொருள் கொள்ளலாகாது. அம்மண்ணின் குணம் எத்தகையது என்பதைக் காட்டவே அதனைக் குறிப்பிட்டேன்.

தூண்தளத்துக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. மேல்தளங்களில் சுவர்கள் நிறைந்து விறைப்பாக இருக்க, கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டுமே நின்றால், நிலம் அதிரும்போது அசைவு முழுவதும் அக்கீழ்த்தளத்திலே குவிகிறது. பொறியாளர்கள் இதனை மென்தளம் என்பர். 2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆமதாபாத்தில் இவ்வகை அடுக்குமாடிகள் பல விழுந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 2000 டிசம்பர் 12-ஆம் நாள், இடுக்கிக்கு அண்மையிலுள்ள ஈராற்றுப்பேட்டைப் பகுதியிலும் 5 அளவுள்ள நடுக்கம் ஒன்று உணரப்பட்டது. தூண்களைப் பலப்படுத்தும் முறைகள் இந்தியத் தர நிர்ணயத்தில் கூறப்பட்டுள்ளன. அவற்றைப் பின்பற்றிய கட்டிடம் அஞ்சவேண்டுவதில்லை. ஆற்றோரத் தாழ்நிலத்தில் வெள்ளம் புகுந்து செல்வதற்காக வீட்டைத் தூண்மேல் எழுப்புவதும் நல்ல யோசனையே. நீருக்கு வழிவிடும் தூண் வேறு. காருக்கு இடம்விடும் தூண் வேறு.

நிற்க. தெருத்தளத்தின் பயனை விதியால் நிர்ணயிக்க முடியுமா என்று சிலர் வினவக்கூடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது செய்யப்பட்டுள்ளது; நம்மவர் பலர் அதன் நிழலில் நடந்துமிருக்கின்றனர். 1822-இல் சிங்கப்பூர் நகரமைப்புக்கு ராபிள்ஸ் வகுத்த ஆணையில், தெருவின் இருபுறமும் ஒவ்வொரு கட்டிடமும் குறித்த அகலமுள்ள தாழ்வாரம் ஒன்றை விடவேண்டும், அது இடையறாத நடைபாதையாக எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. மலாய் மொழியில் அது 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் அதை 'அஞ்சடி' என்று தம் மொழியாக்கிக்கொண்டனர். (அகராதிகளை ஆறுமாதம் புரட்டிக் கலைச்சொல் ஆக்கும் எம்போன்றோர், கடைவாசலில் நின்றவர்கள் ஒரு நாளில் ஆக்கிய இச்சொல்லின்முன் தலைதாழ்த்தவேண்டும்.) நடப்பவருக்கு வெயிலும் மழையும் இல்லை, கடைக்காரருக்கு வாசலில் வாடிக்கையாளர். இரு திறத்தார் உரிமையும் மோதாமலும் இல்லை: கடைப்பண்டங்கள் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டதால் 1888-இல் நகராட்சி அவற்றை அகற்ற முற்பட, கடையடைப்பும் கலகமும் மூண்டன. ஆயினும் அஞ்சடி நிலைத்தது. இன்றும் சிங்கப்பூரின் நகர மேம்பாட்டு ஆணையம், ஆர்ச்சர்டு சாலை போன்ற வீதிகளில் தெருமட்டத் தளத்தைக் கடை, உணவகம் முதலிய மக்கள் நடமாட்டமுள்ள பயன்களுக்கே ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

கடல்கடந்து செல்லவேண்டிய அவசியமும் இல்லை. புதுச்சேரியின் தமிழ்ப் பகுதித் தெருக்களில் ஒவ்வொரு வீட்டின் முன்னும் திண்ணையும், அதற்கு வெளியே மரத்தூண்கள் தாங்கிய சாய்ப்பிறக்கிய தாழ்வாரமும் இருந்தன. சில தெருக்களில் இன்றும் உள்ளன. அத்தாழ்வாரம் வீட்டினுடையதா, தெருவினுடையதா என்று எவரும் வழக்காடியதில்லை. ஊரார்க்குப் பொதுவானதை வீட்டுக்காரர் மெழுகிப் பேணினார். திண்ணையை நம் விதிகள் அறியாமற்போனதனால் புதுவீடுகளில் அதன் இடத்தை மதிற்சுவர் பிடித்துக்கொண்டது.

தலைநகர் டில்லியின் அனுபவமும் நோக்கத்தக்கது. குடியிருப்புப் பகுதிகளில் நடைபெற்ற கடைகளுக்கு உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி 2006-இல் முத்திரையிடத் தொடங்கியபோது அந்நகரம் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 2021-க்கான பெருந்திட்டம் ஒரு சமரசத்தை வகுத்தது: காய்கறி, பால், ரொட்டி, எழுதுபொருள், தையல், சலவைத் தேய்ப்பு போன்ற அன்றாடத் தேவைகளுக்கான 20 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு கடை குடியிருப்புக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் மட்டும் இருக்கலாம் என்பது அதில் ஒன்று. இருபது சதுர மீட்டர் என்பது ஓர் அறை. அவ்வறையை நம்பி ஒரு குடும்பம் வாழ முடியும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

அவ்வறைதான் மூணாற்றின் உண்மையான வழக்கு. தோட்டத் தொழிலாளிக்கு லயத்திலுள்ள வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டை ஒப்படைக்கவேண்டும். மூன்று தலைமுறை அம்மலையில் உழைத்தவர், ஓய்வு பெறும் நாளில் தங்க இடம் தேடுகிறார். எங்கேனும் இரண்டு சென்டு நிலமும், சாலையைப் பார்த்த ஓர் அறையும் கிட்டினால், முன்னறையில் தேநீர்க் கடையோ தையற்கடையோ வைத்துப் பின்னறையில் வாழ்கிறார். ஆனால் 1964-ஆம் ஆண்டின் கேரள நிலப் பதிவு விதிகளின்கீழ்ப் பட்டயம் வழங்கப்பட்ட நிலம் சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் அடுத்துள்ள நிலத்தின் பயன்பாட்டுக்கும் மட்டுமே உரியது. வணிகக் கட்டிடம் அந்நோக்கத்துக்கு மாறானது. 2007-இல் அரசாங்கம் ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியதும், 2010-இல் உயர்நீதிமன்றம் மூணாற்றில் கட்டிடம் எழுப்ப வருவாய்த் துறையின் ஆட்சேபமின்மைச் சான்றைக் கட்டாயமாக்கியதும், 2019-இல் பட்டய நோக்கத்தைச் சரிபார்த்த பின்னரே அனுமதி என்று அரசாணை வெளிவந்ததும் நியாயமான காரணங்களால்தான். பேராசை மலையைத் தின்றுகொண்டிருந்தது. எனினும் ஆறடுக்கு விடுதிக்கும் ஓரறைத் தேநீர்க் கடைக்கும் விதி கண்ட பெயர் ஒன்றே: வணிகம். 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றி 2024-இல் ஒப்புதல் பெற்ற நிலப் பதிவுத் திருத்தச் சட்டம், இத்தகைய மாறுபட்ட பயன்களை முறைப்படுத்த வழி திறந்துள்ளது. அவ்வழியில் முன்வரிசையில் நிற்கவேண்டியவர் முன்னறையில் கடை வைத்தவரே என்பது என் துணிபு. வழக்கறிஞரும் வரைபடமும் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர் எந்த வரிசையிலும் முன்னால் வந்துவிடுவார்.

'அப்படியானால் வருகின்ற கார்கள் எங்கே நிற்கும்?' இது வலுவான ஆட்சேபம். இதற்கு விடை கூறாத யோசனை காற்றில் கட்டிய கோட்டை. ஒவ்வொரு மனையிலும் தனித்தனியே நிறுத்துமிடம் கோருவதற்கு மாறாக, அதற்கான செலவைக் கட்டணமாக வசூலித்து, நகருக்கு வெளியே நிலம் உறுதியாக உள்ள இடங்களில் பொதுவாக நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து சிறு பஸ்களை விடலாம். சிம்லாவின் மால் சாலையில் பொதுமக்களின் வண்டிகள் நுழைவதில்லை. அங்கு வியாபாரம் நின்றுவிடவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் 2017-இல் வண்டிகளைக் கட்டுப்படுத்தியபோது எழுந்த அச்சங்களும் நாம் அறிந்தவையே. ஆயினும் மூணாற்றில் இது அவ்வளவு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் வீதி வெறும் வீதியன்று, தேசிய நெடுஞ்சாலை. அதை அடைக்க இயலாது. ஆதலால்தான் சாலையைப் பற்றியன்றி, சாலையை நோக்கும் தளத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

என் யோசனை சுருக்கமானது. மலைப்பகுதிப் பஞ்சாயத்துகளில் சாலைமட்டத்தில் உள்ள தளத்தை, அது கீழிருந்து எண்ணும்போது முதலாவதாயினும் மூன்றாவதாயினும், தெருத்தளம் என விதியில் வரையறுக்கவேண்டும். கடைவீதி என்று பஞ்சாயத்து அறிவிக்கும் நீளத்தில், அத்தளத்தின் முன்பக்க நாலரை மீட்டர் ஆழம் மக்கள் பயன்பாட்டுக்கே உரியது, வண்டிக்கன்று. சாலை எல்லையிலிருந்து விடப்படும் மூன்று மீட்டர் இப்போது கார்களும் விளம்பரப் பலகைகளும் நிறைந்த யாருக்கும் உதவாத வெளியாக உள்ளது. அதன்மேல் இலேசான கூரையிட்டு, பக்கத்துக் கடையோடு மட்டம் ஒத்த நடைதாழ்வாரமாக்க அனுமதிக்கவேண்டும். பஞ்சாயத்துச் சட்டத்தில் இதற்குத் திருத்தம் வேண்டியிருக்கும். கூரைநீர் சாலையில் கொட்டாமல் ஓடையில் சேர வழியும் அதனோடு அமையவேண்டும். மூணாற்றில் நீர்ப்போக்கை மறந்த எந்தத் திட்டமும் ஒரு மழைக்குமேல் தாங்காது. குடியிருப்பின் முன்னறைக் கடைக்கு டில்லி கண்ட இருபது சதுர மீட்டரையே அளவாகக் கொள்ளலாம்.

தெருவைக் கண்காணிக்கும் கண்கள் அதன் ஓரத்திலுள்ள கடைக்காரர்களும் குடியிருப்போருமே என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் ஒரு நூலில் விளக்கினார். மூணாற்றுப் பெண்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் போனசும் கூலி உயர்வும் கோரி ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள் நாட்கணக்கில் அமர்ந்திருந்தது இவ்வீதியிலேதான். கோரிக்கையின் நியாயத்தைப் பற்றிப் பேசுவது இவ்விதழின் வேலையன்று. அத்தனை பேர் அமர்வதற்கு அந்நகரில் வீதியன்றி வேறு பொதுவிடம் இருந்ததா என்பது நகரமைப்பாளர் எண்ணவேண்டிய கேள்வி.

தொடக்கத்தில் கூறிய விதித் தொகுப்பின் தமிழாக்கம் பின்னர் திருத்தத்துக்கு வந்தது. தரைத்தளம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தெருத்தளம் என ஒன்று தனியே வரையறுக்கப்படுவது மலைப்பகுதிகளுக்குப் பயன் தரும் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதி அனுப்பினேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் அது திரும்பி வந்தது. அக்குறிப்பு முற்றிலும் சரியானது. ஆகவே அதை அடிக்குறிப்பாக அன்றி, என் சொந்த அபிப்பிராயமாக இங்கே எழுதலானேன்.